பவர் பிரஸ் விபத்தில் விரல் இழப்பு: எவ்வளவு இழப்பீடு கேட்கலாம்?

கேள்வி:
கோவையில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் (உலோகத் தகட்டை அழுத்தி வெட்டும் மிஷின்) ஓட்டும் என் தம்பி, 2024 ஆகஸ்டில் அதன் டையில் (அச்சில்) சிக்கிய வாஷரை எடுக்கும்போது பிரஸ் இறங்கியதால், வலது ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்களை இழந்துவிட்டான். அப்போது அவனுக்கு வயது 30, மாதச் சம்பளம் 18,000 ரூபாய், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. ஆஸ்பத்திரிக்கு 85,000 ரூபாய் கட்டிய முதலாளி, மேற்கொண்டு 60,000 தருவதாகவும், இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று ஸ்டாம்ப் பேப்பரில் எழுதித் தர வேண்டும் என்றும் சொல்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்:
கையெழுத்துப் போட வேண்டாம். விபத்து, புதிய சட்டம் வருவதற்கு முன்பே 2024-இல் நடந்ததால் 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டமே இதற்குப் பொருந்தும். சம்பளம் எவ்வளவு இருந்தாலும், 2020 ஜனவரியிலிருந்து 15,000 ரூபாய் வரைதான் கணக்கில் எடுப்பார்கள். அதில் 60 சதவீதமான 9,000-ஐ, 30 வயதுக்குரிய காரணியான (வயதைப் பொறுத்துச் சட்டம் தரும் பெருக்கும் எண்) 207.98-ஆல் பெருக்கினால் 18,71,820 ரூபாய் வரும். இது உழைக்கும் திறனை முழுவதும் இழந்தவருக்கான தொகை. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போனால் சட்டத்தின் முதல் அட்டவணை 11 சதவீத இழப்பு என்கிறது. ஆகவே ஏறத்தாழ 2,05,900 ரூபாய் கேட்கலாம். மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் தனிக் கடமை என்பதால், அந்த 85,000-ஐ இதில் கழிக்க முடியாது. ஒரு மாதத்துக்குள் தராமல் இழுத்தடித்ததற்கு 12 சதவீத ஆண்டு வட்டியும், தகுந்த காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் சேரும்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி, ஐயா. மிஷினின் தடுப்பைத் தம்பியே கழற்றிவிட்டான், அதனால் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை என்றும் முதலாளி மிரட்டுகிறார்.

பதில்:
இந்த வாதத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் இது எடுபடாது. உங்கள் தம்பிக்கு நேர்ந்தது பகுதி ஊனம் என்பதால், பாதுகாப்புத் தடுப்பை அவர் வேண்டுமென்றே அகற்றினார் என்று நிரூபித்தால் முதலாளி தப்பிக்க வழியுண்டு. ஆனால் நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. உற்பத்தி வேகத்துக்காகத் தடுப்பே இல்லாமல் ஓட்டச் சொல்லும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அங்கும் அப்படித்தான் என்றால், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலத்தையும் மிஷினின் படங்களையும் இப்போதே சேகரித்து வையுங்கள். இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்யாத ஒப்பந்தம் முதலாளியைக் காப்பாற்றாது. மனுவை 2026 ஆகஸ்டுக்குள், அதாவது விபத்து நடந்த இரண்டு ஆண்டுகளுக்குள், அந்த ஆணையரிடம் கொடுத்துவிட வேண்டும்.