மறு: 'எஃபெக்டிவ்னெஸ்': ஆட்டத்திறனா, வேறு சொல்லா?

வணக்கம். ஐஸ் ஹாக்கிப் புள்ளிவிவரச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் விவாதத்தில் வந்த இரண்டு கருத்துகளுக்கு என் பதில்.

> ஐஸ் ஹாக்கி வீரரின் எஃபெக்டிவ்னெஸைக் குறிக்க 'ஆட்டத்திறன்' போதும். எளிமை, எல்லோருக்கும் புரியும்.

எளிமைதான். ஆனால் ஆட்டத்திறன் என்றதும் வாசகருக்கு நினைவு வருவது ஸ்கேட்டிங் வேகம், தடியைக் கையாளும் லாவகம், ஷாட்டின் வலு. இவையெல்லாம் வீரரிடம் இருப்பவை. புள்ளிவிவரக்காரர்கள் கேட்பது வேறு: அவர் பனித்தளத்தில் இருக்கும் நேரத்தில் ஆட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது? நல்ல திறமைசாலி தளத்தில் இருக்கும்போதே அவர் அணி தன் கோல் முன்னால் முடங்கிக் கிடக்கலாம். அதனால் 'திறன்' என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே வழிதவற வைக்கும்.

என் பரிந்துரை: 'களவிளைவு'. ஆடுகளத்தில் ஒருவர் இருப்பதால் விளைவது. நெல்லடிக்கும் களத்தையும் விளைச்சலையும் இந்தச் சொல் நினைவூட்டினால் தவறில்லை. என்ன தேறியது என்பதுதானே கேள்வி.

> அப்படியென்றால் உழைப்புக்கு மதிப்பே இல்லையா? ஓடி ஓடி மோதுகிறவரை எந்த எண் பிடிக்கும்?

மோதலும் எண்ணப்படுகிறது ஐயா. என்ஹெச்எல் (வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்) ஆட்டங்களில் மோதல்கள், உடலைக் குறுக்கே போட்டுத் தடுத்த ஷாட்டுகள் எல்லாம் வீரர்வாரியாகப் பதிவாகின்றன. சிக்கல் வேறு இடத்தில். பக் (ஆடும் ரப்பர் வட்டு) வைத்திருப்பவர் மீதோ, அந்தக் கணம் அதைக் கைவிட்டவர் மீதோதான் விதிப்படி மோதலாம். ஷாட்டைத் தடுப்பதும் எதிரணி அடிக்கும்போதுதான். ஆகவே இவ்விரண்டிலும் ஒருவரது எண்ணிக்கை எகிறினால், அவர் தளத்தில் இருந்தபோது பக் பெரும்பாலும் எதிரணியிடம் இருந்ததோ என்று சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. மூச்சிரைக்கத் திரும்பி ஓடுகிறவரைப் பார்த்துக் கைதட்டுகிறோம். முதலில் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நின்றிருந்தால் அந்த ஓட்டமே தேவைப்பட்டிருக்காது.

டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணியின் முன்னாள் வீரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோம் இதற்கு நேர் எதிர். முட்டி மோதி ஆடும் வகை அல்ல. பக் எங்கே வரப்போகிறதோ அங்கே முன்கூட்டியே இருப்பார், தடியை நீட்டி எடுத்துக்கொள்வார். பார்க்கிறவருக்கு அவர் பாடுபடுவதாகவே தோன்றாது. சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பையை 7 முறை வாங்கியவர்.

அதனால் உழைப்புக்கும் தனிச்சொல் வேண்டும் என்பதில் உங்களோடு உடன்படுகிறேன். 'புலப்படு உழைப்பு' என்று வைக்கலாம். இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. ஓர் ஆள் குறைவாக ஆடும் இரண்டு நிமிடங்களில் ஷாட்டின் குறுக்கே விழுகிறவர் இல்லாமல் எந்த அணியும் தப்பாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்ப வேண்டாம், அவ்வளவுதான்.

அப்புறம் அளவைகள். பிளஸ்-மைனஸை என்ஹெச்எல் 1967–68 பருவம் முதல் அதிகாரபூர்வமாக வெளியிடுகிறது. தளத்தில் இருக்கும்போது தன் அணி கோல் போட்டால் ஒன்று கூடும், வாங்கினால் ஒன்று குறையும். ஆள் கூடுதலாக இருந்து போட்ட கோல்கள் கணக்கில் வராது. 1970–71இல் பாபி ஓர் எடுத்த +124தான் ஒரு பருவத்தின் உச்சம். இதற்குக் 'கூட்டல்-கழித்தல்' என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பள்ளிக்கூட வாசனை அடிக்கிறது. 'கோல் நிகரம்' போதுமே. குறை சொல் பற்றியதல்ல, அளவை பற்றியது: கோல்கள் அரிது, தன் கோல்கீப்பருக்கு மோசமான நாள் என்றால் பழி முன்னால் நிற்பவர் தலையில்.

அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஷாட் முயற்சிகளை எண்ணத் தொடங்கினார்கள். கோலை நோக்கி வந்தது, விலகிப் போனது, தடுக்கப்பட்டது எல்லாம் சேர்த்தால் ஓர் ஆட்டத்தில் இரு அணிக்குமாக நூற்றுக்கு மேல் தேறும். இதுதான் கோர்சி, பஃபலோ சேபர்ஸ் அணியில் கோல்கீப்பர்களுக்குப் பயிற்சியளித்த ஜிம் கோர்சியின் பெயர். தடுக்கப்பட்டவற்றை விட்டுவிட்டால் ஃபென்விக். 2015இல் என்ஹெச்எல் தன் இணையதளத்தில் இவற்றைச் சேர்த்தபோது ஆள்பெயர்களை விட்டுவிட்டு, ஷாட் முயற்சி என்ற பொருளில் பெயரிட்டது. நாமும் 'ஷாட்முயற்சி நிகரம்', 'தடைபடா ஷாட்முயற்சி நிகரம்' என்று போகலாம். இரண்டாவது நீளம்தான், கட்டுரைக்குள் ஃபென்விக் என்றே எழுதினால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. சிலரைப் பயிற்சியாளர் எப்போதும் சொந்தக் கோல் பக்கத்து வலயத்தில் நடக்கும் ஃபேஸ்ஆஃபுக்கே (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) அனுப்புவார். அவர்கள் எண் தாழும், குற்றம் அவர்களுடையதல்ல. அதனால்தான் ஒரு வீரர் தளத்தில் இல்லாதபோது அணியின் எண் என்ன என்று ஒப்பிடும் அளவையும் உண்டு. அதைச் 'சார்பு நிகரம்' என்றால் பாரபட்சம் என்று வாசிப்பார்கள். 'ஒப்பீட்டு நிகரம்' எனலாம்.

பிடிஓ (PDO) என்ற அளவைக்குத்தான் எனக்கு எதுவும் அமையவில்லை. அந்த எழுத்துகள் எதன் சுருக்கமும் அல்ல, இணையத்தில் ஒருவர் வைத்திருந்த புனைபெயர். அணியின் ஷாட்டுகளில் கோலானவற்றின் சதவீதத்தோடு கோல்கீப்பர் தடுத்த சதவீதத்தைக் கூட்டினால் வருவது. 100ஐ விட்டு வெகுதூரம் போனால் பெரும்பாலும் அதிர்ஷ்டம் என்பார்கள். 'அதிர்ஷ்டக் குறியெண்' என்று எழுதினால் முடிவையே பெயராக வைத்ததுபோல் ஆகிவிடுகிறது. வேறு யோசனை இருப்பவர்கள் எழுதுங்கள்.