பாறை ஏறும் ரேடியோ வண்டி: கட்டியவர்களின் அனுபவங்கள்

பந்தய வண்டி ஓட்டிப் பழகிவிட்டு, பாறை மேல் மெதுவாக ஏறும் ரேடியோ வண்டியான கிராலருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த மோட்டாரைப் போடலாம் என்பதைத்தான். புதியவர்கள் சிலருக்கு வண்டி கட்ட உதவியவன் என்ற முறையில் சொல்கிறேன்: மோட்டாரைக் கடைசியாகத் தொட்டால் போதும். பாறை மேல் வண்டி ஏறுவதும் கவிழ்வதும் டயரின் பிடிப்பையும், வண்டியின் எடை எந்த உயரத்தில் அமர்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தவை. மோட்டாரின் வலு அதற்குப் பிறகுதான் கணக்கில் வருகிறது.

தொடங்குவதற்கு ஓட்டத் தயாராக வரும் வண்டியா, பிரித்த பாகங்களாக வரும் கிட்டா என்ற கேள்விக்கு நான் கிட் என்றே பதில் சொல்வேன். சக்கரங்களை இணைக்கும் அச்சான ஆக்சிலுக்குள் எந்த கியர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதைக் கையால் பொருத்திப் பார்த்தவருக்கு, வெளியில் ஓட்டும்போது ஏதாவது கழன்றால் பதற்றம் இருக்காது. இடம் குறைவாக உள்ளவர்கள் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24 போன்ற 1/24 அளவு வண்டியையோ, டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4எம் போன்ற 1/18 அளவு வண்டியையோ வாங்கி, வீட்டுக்குள் புத்தக அடுக்கின் மேல் ஓட்டிப் பழகலாம். ஆனால் உதிரி பாகங்களும் மாற்றங்களும் அதிகம் கிடைப்பது 1/10 அளவில்தான். நான் கீழே எழுதுவதும் அந்த அளவைப் பற்றியதே.

கட்டும்போது உலோகத்தில் இறங்கும் ஸ்க்ரூ ஒவ்வொன்றிலும் ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் நீல நிறத் த்ரெட்லாக் பசை ஒரு சிறு துளி வைக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்க்ரூவில் அதை வைக்கக் கூடாது, ஏனென்றால் சில வகைப் பிளாஸ்டிக்குகளில் அது விரிசல் விழச் செய்துவிடும். 2 மில்லிமீட்டர், 2.5 மில்லிமீட்டர் அறுகோண முனைத் திருப்புளிகள் மட்டுமாவது தரமானவையாக இருக்கட்டும். முனை தேய்ந்த திருப்புளி ஒரே மாலையில் ஸ்க்ரூக்களின் தலைகளைப் பாழாக்கிவிடும். மோட்டாரின் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான பினியனுக்கும், அது சுழற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் இடையே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நுழைத்து, இரண்டையும் நெருக்கி, மோட்டார் ஸ்க்ரூக்களை இறுக்கியபின் காகிதத்தை உருவி எடுத்தால் சரியான இடைவெளி கிடைத்துவிடும். காகிதத்தில் பற்களின் தடம் மடிப்பு மடிப்பாக விழுந்திருந்து எங்கும் கிழியாமல் இருந்தால் வேலை முடிந்தது.

அடுத்தது டயர். 1.9 அங்குல வீலில், ரப்பர் மென்மையாக உள்ள டயரைப் போட்டாலும், உள்ளே இருக்கும் ஃபோம் வண்டியின் எடைக்குப் பொருந்தாவிட்டால் பயன் இல்லை. வண்டியைத் தரையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால், டயரின் அடிப்பகுதி சற்றே பரந்து உட்கார்ந்திருக்க வேண்டும். டயர் முழு வட்டமாக நிமிர்ந்து நின்றால் ஃபோம் கடினம் என்று பொருள். அது பாறையின் விளிம்பைத் தழுவாமல் விளிம்பின் மேல் உருண்டு வழுக்கும். பசை போட்டு ஒட்டும் வீலைவிட, வளையம் வைத்து இறுக்கும் பீட்லாக் வீலே புதியவருக்கு ஏற்றது, ஃபோமை மாற்றி மாற்றிப் பார்க்கலாம் என்பதற்காக. வளையத்தின் ஸ்க்ரூக்களை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக இறுக்கினால்தான் டயரின் விளிம்பு ஒரே சீராக அமரும்.

எடையைப் பொறுத்தவரை, நான் எல்லோரையும் செய்து பார்க்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. மரப்பலகை ஒன்றில் வண்டியைக் குறுக்காக நிறுத்தி, பலகையின் ஒரு பக்கத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே போய், மேட்டுப் பக்கத்துச் சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும் கோணத்தைக் கைபேசியில் உள்ள கோணமானியால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கூரை மேல் இருக்கும் சாமான் தட்டையும் உதிரிச் சக்கரத்தையும் கழற்றிவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தபின், அழகுக்காக வைத்த தட்டை மீண்டும் மாட்ட மனம் வராது. (மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் புகைப்படம் எடுப்பதில் ஆர்வமுள்ளவர்கள், அதுவும் ஒரு சுகம்தான்.) பித்தளைப் பாகங்களைச் சேர்ப்பதென்றால் முன் ஆக்சிலில் சக்கரத்தைத் திருப்பும் மூட்டான நக்கிளிலிருந்து தொடங்குவது நல்லது: எடை தாழ்ந்த இடத்திலும் முன்பக்கத்திலும் சேர்கிறது, செங்குத்தான ஏற்றத்தில் வண்டியின் மூக்கு மேலே தூக்குவதில்லை. மொத்த எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்புறம் இருக்கும்படி பலர் அமைத்துக்கொள்கிறார்கள்.

*

மேலே எழுதிய நண்பர், முன்சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டாரான சர்வோவைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டார், ஆகவே என் வண்டியில் நடந்ததைப் பகிர்கிறேன். பாறை இடுக்கில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டு, ஸ்டீயரிங்கை முழுவதும் ஒரு பக்கம் திருப்பிய நேரத்தில், வண்டி அப்படியே செத்துப்போய் நின்றுவிடும். இரண்டு நொடி கழித்துத் தானாக உயிர் பெறும். பேட்டரியில் மின்சாரம் நிறையவே இருந்தது. சிக்னல் கோளாறு என்று எண்ணி ஆன்டெனாவை இடம் மாற்றிப் பார்த்தும் பலன் இல்லை. கடைசியில் பாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சக்கரத்தைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். சிக்னலை வாங்கும் ரிசீவரின் விளக்கு அணைந்து மீண்டும் எரிந்தபோதுதான் காரணம் விளங்கியது.

சர்வோவுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் தருவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் இருக்கும் பி.இ.சி. என்னும் சிறு சுற்று. 25 கிலோ-சென்டிமீட்டர் அளவில் திருகும் வலிமையான சர்வோ, திரும்ப முடியாமல் முட்டி நிற்கும்போது இழுக்கும் மின்னோட்டத்தை அந்தச் சுற்றால் தாங்க முடியாமல் போனால் மின்னழுத்தம் சரிந்து, ரிசீவர் அணைந்து, மீண்டும் முதலிலிருந்து எழும். தனியாக ஒரு பி.இ.சி. வாங்கிப் பொருத்தி, பேட்டரியிலிருந்து அதன் வழியாகச் சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்தபின் அந்தத் தொல்லை போயிற்று. சர்வோ எத்தனை வோல்ட் தாங்கும் என்று பெரும்பாலும் அதன் மேலேயே அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்த்துத்தான் பி.இ.சி.யின் அளவை வைக்க வேண்டும்.

மின்சாரத்துக்கு முன்பே கவனிக்க வேண்டிய இரண்டு செயல்கள் உண்டு. சர்வோவின் தண்டில் பொருந்தும் சிறு கரமான ஹார்னை மாட்டுவதற்கு முன், டிரான்ஸ்மிட்டரில் நடுநிலையைச் சரிசெய்யும் ட்ரிம்மை நடுவில் வைத்து, வண்டிக்கு மின்சாரம் கொடுத்து, சர்வோ தன் நடுநிலைக்கு வந்து நின்றபின் ஹார்னை நேராகப் பொருத்துங்கள். பிறகு இரு பக்கமும் முழுவதும் திருப்பிப் பார்த்து, நக்கிள் தன் எல்லையில் முட்டும் இடத்திலேயே சர்வோவும் நின்றுவிடும்படி டிரான்ஸ்மிட்டரில் கடைக்கோடி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். முட்டியபின்னும் சர்வோ முனகிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுளை எண்ணத் தொடங்கிவிடலாம்.

*

மோட்டாரைக் கடைசியில் பார்க்கலாம் என்ற கருத்தை நானும் ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் எதை வாங்குவது என்று குழம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பிரஷ் மோட்டாரில் கம்பிச் சுற்று கூடக் கூட வேகம் குறையும்; அதே கியரில் 55 சுற்று மோட்டார் 35 சுற்று மோட்டாரைவிட மெதுவாக, ஆனால் மிக நுண்மையாக நகரும். தொடங்குகிறவருக்கு 35 முதல் 45 சுற்று வரை உள்ளது நடுநிலையானது. சென்சாருள்ள பிரஷ்லெஸ் மோட்டார் இன்னும் இழைவாக ஓடும், விலையும் அதற்கேற்றபடி இருக்கும், முதல் வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு.

அதைவிட முக்கியமானது டிராக் பிரேக். விசையிலிருந்து விரலை எடுத்ததும் மோட்டார் தானே பிடித்து நிற்க வேண்டும். பந்தய வண்டிக்கான வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கிராலரில் போட்டால் வண்டி சரிவில் உருண்டு போய்விடும். கிராலருக்கென்று வரும் கருவிகளில் இந்தப் பிடிப்பை விழுக்காடாக மாற்றலாம். நான் 100 விழுக்காட்டில் வைத்து ஓட்டுகிறேன்.

இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல், ஆக்சிலில் பூட்டப்பட்டே வருவது ஏன் என்று ஒருவர் கேட்டிருந்தார். பாறையில் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது, பூட்டாத டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தையே வீணாகச் சுழற்றும். தரையில் ஊன்றிய சக்கரம் அசையாது. பூட்டினால் இரண்டும் சேர்ந்தே சுழலும். அதற்கு நாம் கொடுக்கும் விலை, வண்டி திரும்ப அதிக இடம் கேட்பது. 2017இல் வந்த டிஆர்எக்ஸ்-4 வண்டியில் ஓடும்போதே டிரான்ஸ்மிட்டரிலிருந்து பூட்டவும் திறக்கவும் வழி செய்தார்கள். மற்ற வண்டிகளில் முன் ஆக்சிலின் கியரை மாற்றி, முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்று வேகமாகச் சுழலும்படி செய்தால், வண்டி முன்னால் இழுக்கப்பட்டு வளைவு குறுகும்.

ஓட்டுவதைப் பொறுத்தவரை, இரு குறிகளுக்கு நடுவே வண்டியைச் செலுத்தும்படி வாசல் வைத்து நடக்கும் போட்டிகளைப் பார்த்ததில் நிறையக் கற்றேன். அங்கே பொதுவாகப் புள்ளி என்பது தண்டனை: வண்டியைப் பின்னுக்கு எடுத்தால் புள்ளி கூடும், வாசல் குறியைத் தொட்டால் இன்னும் அதிகம் கூடும், குறைந்த புள்ளி பெற்றவரே வெல்வார். அதனால் தேர்ந்த ஓட்டுநர்கள் விசையைத் தொடும் முன்பே பாதையைச் சுற்றி நடந்து, எந்தச் சக்கரம் எந்தக் கல்லில் ஊன்றும் என்று தீர்மானித்துவிடுகிறார்கள். வண்டி திணறும் இடத்தில் அவர்கள் விசையை அழுத்துவதில்லை. முன்சக்கரத்தை ஒரு விரலளவு இடமும் வலமும் அசைத்து, டயரின் பக்கவாட்டுக் கட்டைக்குப் பிடி கிடைக்கும் இடத்தைத் தேடுகிறார்கள்.

லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியைப் பற்றிச் சுருக்கமாக: நிறைவு நிலையில் செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட், 3.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள், சில நாள் ஓட்டப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வையுங்கள். கருவியில் லிப்போ முறையைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று முதல் ஓட்டத்துக்கு முன் பாருங்கள். நிக்கல் பேட்டரிக்கான அமைப்பில் விட்டிருந்தால் சில கருவிகள் மின்சாரத்தைத் தக்க நேரத்தில் துண்டிக்காது. தண்ணீரில் இறக்கிய நாளில் டயரைக் கழற்றி ஃபோமைப் பிழிந்து உலர்த்தி, வெளியில் தெரியும் பேரிங்குகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுப் படுக்கப் போங்கள்.