100 மீட்டர் இடைவெளியில் போட்ட துளைகளை வைத்து இருப்பைக் கணக்கிடலாமா?

முதுகலை மாணவி:
புராஜெக்டுக்குத் தந்த தங்கத் தாதுத் தரவில் துளைகள் 100 மீட்டர் கிரிட்டில் இருக்கின்றன. பாலிகன் முறையில் (ஒவ்வொரு துளையின் தரத்தையும் அதைச் சுற்றியுள்ள பரப்பு முழுவதற்கும் கொடுக்கும் முறை) போட்டால் ஒரே துளை மொத்தத் தங்கத்தில் பாதியை எடுத்துக்கொள்கிறது. இடைவெளி 50 ஆக இருந்தால் என்ன மாறும்?

சுரங்க நிலவியலாளர்:
அந்தத் துளையையே எடுத்துப் பாருங்கம்மா. 100க்கு 100 மீட்டர் பரப்பு, 1 மீட்டர் தடிமன், அடர்த்தி 2.7 என்று வைத்தால் 27,000 டன். அசே, அதாவது ஆய்வகச் சோதனையில், டன்னுக்கு 8 கிராம் வந்தால் 216 கிலோ தங்கம். 50 மீட்டர் கிரிட்டில் அதே பரப்புக்கு நாலு துளை. புதிய மூன்றிலும் 1 கிராம்தான் என்றால் சுமார் 74 கிலோ! மண்ணுக்குள் எதுவும் மாறவில்லை. சில சென்டிமீட்டர் தடிமனுள்ள கோரை (துளையிலிருந்து எடுத்த பாறை உருளையை) நம்பி எவ்வளவு பெரிய இடத்துக்கு மதிப்புப் போட்டோம் என்பதுதான் மாறியது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் டேனி கிரிக் 1951இல் காட்டியதும் இதுதான்: உயர்தரம் என்று மதித்த பிளாக்குகள் (வெட்டுவதற்காகப் பிரித்த தாதுப் பகுதிகள்) வெட்டியபோது சராசரியாக மதிப்பைவிடக் குறைவாகத் தந்தன, தரம் குறைவு என்றவை கூடுதலாகத் தந்தன. மாதிரிகளை வைத்து இடையிலுள்ள இடத்தின் தரத்தை மதிப்பிடும் 'கிரிகிங்' முறையின் பெயரே அவரிடமிருந்து வந்தது.

இடைவெளி போதுமா என்று வேரியோகிராமின் ரேஞ்சிடம் கேளுங்கள். தூரம் கூடக்கூட மாதிரிகளின் வேறுபாடு எப்படி வளர்கிறது என்று காட்டும் வரைபடம் வேரியோகிராம்; அந்த வளர்ச்சி நிற்கும் தூரம் ரேஞ்ச். ரேஞ்ச் 60 மீட்டர் என்றால் உங்கள் பக்கத்துத் துளைகளுக்குள் தொடர்பே இல்லை.

முதுகலை மாணவி:
போட்டேன் சார். முதல் புள்ளியிலிருந்தே கோடு படுத்தே கிடக்கிறது.

சுரங்க நிலவியலாளர்:
கிடக்கத்தான் செய்யும். உங்களிடம் உள்ள மிகக் குறைந்த இடைவெளியே 100 மீட்டர். அதற்குள் நடப்பது எப்படித் தெரியும்? துளையின் நீளவாக்கில் உள்ள மாதிரிகளை வைத்து ஒரு வேரியோகிராம் போட்டு நகெட்டை (மிக அருகிலுள்ள மாதிரிகளுக்குள்ளேயே இருக்கும் வேறுபாட்டை) எடுங்கள். கிடைவாக்கில் ரேஞ்ச் வேண்டுமென்றால், களத்தில் ஒரு மூலையிலாவது 10, 20, 40 மீட்டரில் குறுக்குக் கோடாகச் சில துளை போட்டாக வேண்டும். களம் முழுக்க 50 ஆக்கினால் துளைகள் நாலு மடங்கு, செலவும் அப்படியே. அதற்கு முன் இதைச் செய்யாத கம்பெனி மேல் எனக்கு மரியாதை வராது.

நிலக்கரிக்காரர்:
எங்கள் பக்கம் துளையிலிருந்து 200 மீட்டர் வரை 'நிரூபிக்கப்பட்ட' இருப்பாகவே எடுக்கிறோமே?

சுரங்க நிலவியலாளர்:
படுகை விரித்த பாய் மாதிரி போகும், அதற்குச் சரி. அந்த எண்ணைத் தங்கத்துக்குக் கொண்டுவராதீர்கள். கனிம இருப்பை அறிவிப்பதற்கான ஆஸ்திரேலியாவின் ஜோர்க் (JORC) விதிகள்கூட இத்தனை மீட்டர் என்று சொல்வதில்லை. தகுதியுள்ள நிபுணர் காரணத்தோடு முடிவு செய்ய வேண்டும். மாணவிக்கு: அந்த 8 கிராமோடும், அது இல்லாமலும் இரண்டு கணக்காக அறிக்கையில் கொடுங்கள்.