பெருநிலத்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வேலைக்குப் போகும் அரசாங்க ஊழியருக்குப் பயண அலவன்ஸ் உண்டா? எங்கள் ரோட்டுக் குழியைப் பற்றி யாரிடம் கேட்பது?

சிம்பாங் அம்பாட் தம்பி:

வணக்கம். மூன்று மாதத்துக்கு முன்பு ஜோர்ஜ்டவுனில் ஒரு மத்திய அரசாங்க அலுவலகத்தில் எனக்குக் கிராணி வேலை கிடைத்தது. அம்மா கோயிலில் அர்ச்சனை செய்து, தாமான் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். அந்தச் சந்தோஷத்தில் போக்குவரத்துச் செலவை யாரும் கணக்குப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தால் பயமாக இருக்கிறது.

பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டில் இருக்கும் வீட்டிலிருந்து அலுவலகம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர். போக வர 70, மாதம் 22 நாள் என்றால் 1,540 கிலோமீட்டர். என் பழைய மைவி கார் அதற்கு 110 லிட்டர் குடிக்கிறது, லிட்டர் 1.99 வெள்ளி மேனிக்கு 219 வெள்ளி. பாலத்து டோல் தீவுக்குள் போகும்போது மட்டும்தான், 5 வெள்ளி 74 சென், அதுவே மாதம் 126 வெள்ளியாகிவிடுகிறது. ஆக 345 வெள்ளி, கார் நிறுத்தும் காசு தனி. புதிதாகச் சேர்ந்த கிராணிக்கு இது சின்னத் தொகை இல்லை.

அலுவலகத்தில் ஒருவர் கிளைம் போடலாம் என்கிறார், இன்னொருவர் வீட்டு அலவன்ஸிலேயே எல்லாம் அடக்கம் என்கிறார். என் சித்தப்பா மகன் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் இருக்கிறான், அவனைத் தாமான் வாசலிலேயே கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது, ஒரு காசு செலவில்லை. அரசாங்க ஊழியருக்கு அப்படி எதுவும் கிடையாதா?

அப்புறம் ரோடு. போன மாதம் இரவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு குழியில் விழுந்து டயர் வெடித்தது. இரண்டு இடங்களுக்குப் போன் செய்தேன், இரண்டு பேருமே "அது எங்கள் ரோடு இல்லை" என்றார்கள். பிறகு யாருடைய ரோடுதான் அது?

கோப்புக் கட்டு:

தம்பி, நான் 26 வருடமாகச் சர்வீஸில் இருக்கிறேன். முதலில் அந்தக் கிளைம் விஷயத்தை மறந்துவிடுங்கள். மைலேஜ் என்பது அலுவலகக் கடமைக்காக வெளியே போகும் பயணத்துக்குத்தான், கூட்டம், சோதனை, பயிற்சி இப்படி. வீட்டிலிருந்து தினமும் வேலைக்கு வருவது அதில் சேராது. யாரோ சொன்னார் என்று அதையும் கடமைப் பயணமாக எழுதிக் கொடுத்தால் அது பொய்க் கிளைம், ஊழல் தடுப்பு ஆணையம் வரைக்கும் போய்விடும். நூறு இருநூறு வெள்ளிக்காக வேலையை இழந்தவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வருமான வரியிலும் இதே கதைதான். முதலாளி வீட்டுக்கும் வேலைக்கும் பெட்ரோல் காசு கொடுத்தால் வருடம் 2,400 வெள்ளி வரைக்கும் வரி கிடையாது என்று 2008 முதல் 2010 வரை ஒரு சலுகை இருந்தது. பிறகு அது இல்லாமல் போனது. இப்போது இருக்கும் 6,000 வெள்ளி விலக்கு கடமைப் பயணத்துக்கு மட்டும்.

உங்கள் சம்பளச் சீட்டில் 'கோலா' என்று இருக்குமே, அந்த வாழ்க்கைச் செலவு உதவி வேலை செய்யும் இடத்தைப் பார்த்துத்தான் வரும், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்காது. வீட்டு அலவன்ஸ் தனி. குவார்ட்டர்ஸ் கிடைத்துத் தீவில் குடியேறினால் அந்த வீட்டு அலவன்ஸ் நின்றுவிடும், ஆனாலும் உங்கள் 345 வெள்ளியோடு சேர்த்துப் பார்த்தால் குவார்ட்டர்ஸுக்கு மனு போட்டு வைப்பது நல்லதுதான். கிடைக்கும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

உண்மையில் நமக்கு இருக்கும் சலுகை நேரம். காலை 7.30க்கும் 9க்கும் இடையில் வரலாம், அதற்கேற்ப மாலை 4.30 முதல் 6க்குள் கிளம்பலாம். 2024 டிசம்பரில் புதிய சம்பளத் திட்டத்தோடு வாரம் 45 மணி நேரம் என்று ஆனதே, அது மதிய ஓய்வையும் சேர்த்து ஒரு நாளைக்கு 9 மணி நேரம், ஆகவே 7.30க்கு உள்ளே போனால் 4.30க்கு வெளியே. ஜூருவிலிருந்து பாலம் வரைக்கும் 6.30க்குள் தாண்டிவிட்டால் ஒரு உலகம், 7.15க்குப் போய் மாட்டிக்கொண்டால் வேறு உலகம். மேலதிகாரியிடம் மரியாதையாக எழுதிக் கேளுங்கள். நான் 7.30க்கு மாறிய பிறகுதான் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரவுச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தேன்.

ஜெட்டி அக்கா:

தம்பி, உங்கள் ஊரிலேயே கொமுட்டர் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது, ஏன் யாரும் அதைச் சொல்வதில்லை? சிம்பாங் அம்பாட்டில் ஏறினால் பட்டர்வொர்த்தில் இறங்கலாம், பக்கத்திலேயே பினாங்கு சென்ட்ரல் போக்குவரத்து முனையம், அங்கிருந்து நடந்தே ஃபெரி. 2023 ஆகஸ்டில் விட்ட புது ஃபெரிகள் வேகமானவை, உள்ளே குளிர்சாதனம் இருக்கிறது. 2021 தொடக்கத்திலிருந்து கார் ஏற்றுவதில்லை, ஆனால் மோட்டார் ஏற்றலாம். அக்கரை ஜெட்டியில் இறங்கியதும் 'கேட்' என்ற இலவச பஸ், கொம்தார் கட்டடம் வரைக்கும் போகும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். கொமுட்டர் அடிக்கடி வராது, ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் நிற்க வேண்டும். நேரத்தை முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால்தான் சரிவரும். அதனால் நான் செய்வது, பட்டர்வொர்த் வரை மோட்டார், அப்புறம் ஃபெரி. பாலத்தில் மோட்டாருக்கு 2019 ஜனவரி 1 முதல் டோல் இல்லை என்பது நிஜம்தான், என் கணவர் அப்படித்தான் போகிறார். ஆனால் நடுப்பாலத்தில் மழையும் காற்றும் சேர்ந்து அடிக்கும்போது பெரிய லோரி ஒன்று பக்கத்தில் போனால் வண்டியே ஆடும். அவர் வீடு வந்து சேரும் வரை எனக்கு மனம் கேட்காது.

தார் வாசனை:

ரோட்டுக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், அந்த வேலையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன்.

ஒரே தாமானிலிருந்து வெளியே வருவதற்குள் நீங்கள் மூன்று பேருடைய ரோட்டில் போகிறீர்கள். தாமானுக்குள் இருப்பது பெரும்பாலும் எம்பிஎஸ்பி, அதாவது செபராங் பிறை மாநகர் மன்றத்தின் பொறுப்பு. வெளியே, கிலோமீட்டர் பலகையில் 'பி' எழுத்தோடு எண் இருந்தால் மாநில ரோடு. வெறும் எண் மட்டும் இருந்தால் மத்திய ரோடு, நிபோங் திபாலிலிருந்து சுங்கை பாக்காப், சிம்பாங் அம்பாட் வழியாக ஜூரு போகும் 1ஆம் எண் சாலை அந்த வகை. நெடுஞ்சாலைக்குள் ஏறிவிட்டால் அது டோல் நிறுவனம். டயர் வெடித்த இடத்துக்குப் பகலில் போய், பக்கத்துப் பலகையையும் குழியையும் ஒரே படத்தில் வரும்படி எடுங்கள். அந்தப் படத்தோடு புகார் கொடுத்தால் "எங்கள் ரோடு இல்லை" என்று தட்டிக்கழிப்பது கஷ்டம்.

இன்னொன்றையும் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாநில ரோடுகளைப் பராமரிக்க மத்திய அரசாங்கம் வருடா வருடம் மானியம் தருகிறது, மாரிஸ் என்று சொல்வார்கள். அது யாரும் பார்த்துக் கொடுக்கும் தயவு இல்லை, அரசியல் சட்டத்தின் 109ஆம் பிரிவிலும் 10ஆம் அட்டவணையிலும் எழுதியிருக்கிறது. ஆனால் அதன் அடிப்படை, ஒரு மைல் ரோட்டைப் பராமரிக்க ஆகும் செலவை எத்தனை மைல் இருக்கிறதோ அதால் பெருக்குவது. ரோட்டின் நீளத்தை எண்ணுகிறார்கள், அதன் மேல் ஓடும் சக்கரங்களை எண்ணுவதில்லை. பெர்லிசுக்கு அடுத்தபடி நாட்டிலேயே சின்ன மாநிலம் பினாங்கு, 1,049 சதுர கிலோமீட்டர்தான், அதில் 2020 கணக்கெடுப்புப்படி 17 லட்சத்து 40 ஆயிரம் பேர் வாழ்கிறோம். தொழிற்பேட்டைக்குப் போகும் கொள்கலன் லோரி ஒன்று தாருக்குச் செய்யும் சேதத்தை ஆயிரக்கணக்கான கார்கள் சேர்ந்தாலும் செய்ய முடியாது. பெரிய மாநிலத்தில் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மைலும், பிறையில் இரவு பகல் லோரி ஓடும் ஒரு மைலும் ஒன்றா? நான் சர்வீஸில் இருந்த காலம் முழுக்க இதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன், இன்றும் கேட்கிறேன்.

கவுண்டர் நாலு:

கோப்புக் கட்டு அண்ணே, நேரச் சலுகை எல்லாம் உள்ளே மேசையில் உட்காருகிறவர்களுக்குச் சரி. எங்களைப் போல் கவுண்டரில் இருப்பவர், மருத்துவமனைத் தாதியர், ஆசிரியர் எல்லாரும் என்ன செய்வது? கதவு திறக்கும்போது நாங்கள் அங்கே இருந்தாக வேண்டும். தீவில் வீடு வாங்க முடியாமல்தான் பெருநிலத்தில் இருக்கிறோம், ஆசைப்பட்டு இல்லை. தொழிற்சாலை தன் ஆட்களுக்கு பஸ் விடும்போது, பெருநிலத்திலிருந்து பாலம் தாண்டி வரும் ஊழியர்களுக்கு அரசாங்கம் ஒரு பஸ்ஸாவது விடலாம். எல்ஆர்டி ரயிலின் முத்தியாரா பாதை வரும், 29.5 கிலோமீட்டர், கடல் தாண்டி பினாங்கு சென்ட்ரல் வரை, நல்ல விஷயம், ஆனால் 2031 என்கிறார்கள். என் மகளுக்கு இப்போது ஏழு வயது. அதுவரைக்கும் அவள் தூங்கும்போது போய்த் தூங்கும்போதுதான் வரப்போகிறேனா? தொழிற்சங்கம் சம்பளத்தைப் பேசும்போது இதையும் பேச வேண்டும்.

கோப்புக் கட்டு:

நீங்கள் சொல்வது நியாயம், கவுண்டரை நான் யோசிக்காமல் எழுதிவிட்டேன். எங்கள் அலுவலகத்தில் கவுண்டருக்கு இரண்டு குழு போட்டு, ஒரு வாரம் ஒரு குழு சீக்கிரம் வரும், மறுவாரம் மற்றது. ஆள் போதுமான இடத்தில் இது நடக்கும். எழுதிக் கேட்டுப் பாருங்கள், கடிதத்துக்கு உதவி வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்புங்கள்.

சிம்பாங் அம்பாட் தம்பி:

எல்லாருக்கும் மிக்க நன்றி. வேலை முடிந்து வரும் வழியில் அந்தக் குழிக்குப் போய்ப் பார்த்தேன், பலகையில் 'பி' இருக்கிறது, படமும் எடுத்துவிட்டேன். திங்கட்கிழமை 7.30 நேரத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன். அக்கா, ஒரு வாரம் மோட்டாரில் பட்டர்வொர்த் வந்து ஃபெரி பிடித்துப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். 7.30க்கு அலுவலகத்தில் இருக்க எத்தனை மணிக்கு ஜெட்டிக்கு வர வேண்டும்?

ஜெட்டி அக்கா:

6.30க்கே வந்துவிடுங்கள் தம்பி, வரிசையில் நின்று ஏற நேரம் வேண்டும். சீட்டுக்கு அட்டையில் காசு போட்டு வையுங்கள். பசியாறுவதை அக்கரையில் வைத்துக்கொள்ளலாம். மழைக்கோட்டு மறக்க வேண்டாம்.