ஊமைத்துரை தப்பிக்கும் ஸ்டெல்த் (ஒளிஞ்சு போற) கேம்: எந்த மெக்கானிக்கை (விளையாட்டு அம்சத்தை) முதல்ல செய்யணும்?

பாளை_கோடர்

வணக்கம். பாளையங்கோட்டைக்காரன், காலேஜ் மூணாம் வருசம். கோடோ 4-ங்கிற கேம் செய்ற மென்பொருள்ல என்னோட முதல் கேம் செய்யுதேன், மேலருந்து பாக்குற 2டி. கதை நம்ம ஊருதான்: 1801 பிப்ரவரி 2, ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிச்ச சம்பவம். கும்பெனி அதிகாரிக மேஜர் மெக்காலே வீட்டு விருந்துல இருக்க நேரம்.

யோசிச்சு வச்சிருக்கது: நிழல்ல ஒளியறது, காலடிச் சத்தம், கல்லெறிஞ்சு காவலாளியைத் திசைதிருப்புறது, விறகு விக்கவன் மாதிரி மாறுவேசம், மயங்கி விழுந்தவனை இழுத்து மறைக்கிறது, தீப்பந்தம் அணைக்கிறது, கோட்டை முழுசுக்கும் மேப், கடைசியில பாஞ்சாலங்குறிச்சி வரைக்கும் ஓட்டம்.

இப்போதைக்கு ஓடுறது இவ்வளவுதான்: காவலாளி முன்னால முக்கோணமா ஒரு ஏரியா2டி (உள்ள யாராவது வந்தா கண்டுபிடிக்கிற பகுதி), அதுக்குள்ள கால் வச்சா கேம் ஓவர். விளையாடிப் பாத்த கூட்டாளிக எல்லாரும் "எப்ப மாட்டுவோம்னே தெரியல, எரிச்சலா வருது"ங்காங்க. எதை முதல்ல செய்ய, எதை விட்டுர?

தென்காசி_பிக்சல்

மாறுவேசத்தையும் ஆளை இழுத்து மறைக்கிறதையும் முதல் கேம்ல தொடாதீங்க. வேசம்னு வந்துட்டா எந்தக் காவலாளி எவ்வளவு கிட்ட வந்தா கண்டுபிடிப்பான்னு தனித்தனியா விதி எழுதணும். ஆளை மறைச்சா, கூட நின்னவன் காணலையேன்னு மத்தவன் தேடணும். அது கிணறு மாதிரி, தோண்டத் தோண்டப் போய்க்கிட்டே இருக்கும். கோட்டையும் வேண்டாம். ஒரு முற்றம், ஒரு வாசல், ரெண்டு காவலாளி. படம் எதுவும் வரையாம வெறும் சாம்பல் கட்டமா வச்சு ஓட்டிப் பாருங்க.

சேரன்மாதேவி_அண்ணாச்சி

தம்பி, கதையைக் கேட்டதும் மனசு நெறஞ்சு போச்சு. பிக்சல் சொன்னது சரி, அதுலருந்து ஆரம்பிங்க. ஆனா உங்க கூட்டாளிக எரிச்சலுக்கு மேப் காரணம் இல்ல. காவலாளி மனசுல என்ன ஓடுதுன்னு விளையாடுறவனுக்குத் தெரியல. ஸ்டெல்த்துல மத்த எல்லாம் அதுக்கு அப்புறந்தான்.

உள்ள போனா அவுட்டுங்கிற அந்த முக்கோணத்தை மொதல்ல மாத்துங்க. காவலாளிக்கு ஒரு சந்தேக அளவு வைங்க, 0-லருந்து 100 வரைக்கும். கண்ணுல பட்டா ஏறணும், மறைஞ்சா இறங்கணும். ஏறுற வேகம் தூரத்தைப் பொறுத்தது: மூக்குக்கு நேர நின்னா அரை செகண்டுக்குள்ள ரொம்பிரணும், பார்வையோட கடைசி ஓரம்னா ரெண்டு செகண்ட் குடுங்க. இறங்குறது ஏறுறதை விட மெதுவா இருக்கட்டும். இல்லன்னா விளையாடுறவன் தூணுக்கு வெளிய தலையை நீட்டி நீட்டி அவனை ஏமாத்திக்கிட்டே போயிருவான்.

பார்க்கானா இல்லையாங்கிறதை மூணு படியா கேளுங்க. தூரத்துக்குள்ள இருக்கானா? ஆமான்னா, கோணத்துக்குள்ள இருக்கானா? அதுக்கு டாட் ப்ராடக்ட் (ரெண்டு திசை எவ்வளவு ஒத்துப்போகுதுன்னு சொல்ற பெருக்கல்) போதும். காவலாளி பாக்குற திசை, அவன்கிட்டருந்து விளையாடுறவன் இருக்க திசை, ரெண்டையும் நார்மலைஸ் பண்ணிட்டு (நீளத்தை 1 ஆக்கிட்டு), 60 டிகிரி பார்வைன்னா விடை 0.866-க்கு மேல வந்தா உள்ள இருக்கான்னு அர்த்தம். அதுக்கும் ஆமான்னாதான் நடுவுல சுவர் இருக்கான்னு ரேகாஸ்ட், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு நேர்கோடு, விடணும். ரேயை மூணா விடுங்க, நெஞ்சுக்கு ஒண்ணு, ரெண்டு தோளுக்கும் ஒவ்வொண்ணு. தோள் மட்டும் வெளிய தெரிஞ்சா மூணுல ஒரு பங்கு வேகத்துல ஏறட்டும். தூணுக்குப் பின்னால நிக்கவனுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதின்னு விளையாடிப் பாத்தாத் தெரியும்.

ஆளோட புத்திக்கு அஞ்சு நிலை போதும்: ரோந்து, சந்தேகம், தேடல், துரத்தல், திரும்பிப் போறது. சந்தேகம் வந்ததும் ஓடி வரக்கூடாது. நிக்கணும், தலையைத் திருப்பணும், ஒரு மூச்சு விட்டு அப்புறம் அந்த இடத்துக்கு நடக்கணும். துரத்துறப்போ விளையாடுறவன் இப்ப எங்க இருக்கான்னு கோட் காவலாளிக்குச் சொல்லவே கூடாது. கடைசியா கண்ட இடம் மட்டும் அவனுக்குத் தெரிஞ்சாப் போதும், அங்க போய்த் தேடட்டும்.

இவ்வளவு நுணுக்கம் இல்லாமலும் இந்த வகை பொறந்திருக்கு. 1987-ல எம்எஸ்எக்ஸ்2-ங்கிற பழைய கம்ப்யூட்டருக்கு வந்த மெட்டல் கியர் கேம்ல காவலாளி நேர்கோட்டுல மட்டுந்தான் பாப்பான், பக்கவாட்டுல நின்னா கண்டுக்கிட மாட்டான். அந்த மெஷின்ல ஒரே நேரத்துல நெறைய உருவம் காட்ட முடியாது, அதனாலதான் சண்டையை விட்டு ஒளிஞ்சு போற கேமா அதை ஆக்குனாங்க. 1998-ல தீஃப்ங்கிற கேம் வந்தப்போ திரைக்கு அடியில ஒரு மணிக்கல் வச்சாங்க. வெளிச்சத்துல நின்னா மின்னும், இருட்டுல மங்கும். நாம எவ்வளவு தெரியுதோம்னு ஒரே பார்வையில வெளங்கிரும்.

உங்க கேமுக்கு அந்த மணிக்கல் வேலையைச் செய்ய நம்ம கதையிலேயே ஒண்ணு கிடக்கு. ஊமைத்துரை தப்பிச்சதுக்கு அப்புறம் நடந்த பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில கும்பெனிப் பக்கம் நின்ன ஜேம்ஸ் வெல்ஷ் ஊமைத்துரையைப் பத்தி எழுதி வச்சிருக்காரு. சின்னச் சின்ன வைக்கோல் துரும்பை இடது உள்ளங்கையில வரிசையா அடுக்குவாராம், அதுதான் வெள்ளக்காரப் படை. மத்தக் கையால அதை ஒரே தள்ளாத் தள்ளி, வாயால உஸ்னு ஒரு சத்தம் குடுத்தா, தாக்குங்கன்னு அர்த்தம்.

அந்த உள்ளங்கையைத் திரைக்கு அடியில வைங்க தம்பி. ஒரு துரும்பு ஒரு காவலாளி. சும்மா ரோந்து போறப்போ துரும்பு படுத்துக் கிடக்கும். சந்தேகம் ஏற ஏற ஒரு முனை தூக்கும். கண்டுட்டா நட்டமா நின்னுரும். தலைக்கு மேல ஆச்சரியக்குறியும் வேண்டாம், சிவப்பு மீட்டரும் வேண்டாம். அவரு பேசாம படை நடத்துன முறையே உங்க இன்டர்ஃபேஸ் ஆயிரும். கூட வர்ற ஆளுக்கு உத்தரவு குடுக்கவும் அதே சைகை: பட்டனைத் தட்டினா கை துரும்பைத் தள்ளும், அவன் கெளம்புவான். அந்த உஸ் சத்தத்துக்கும் ஒரு கேக்குற தூரம் வைங்க. காவலாளி பக்கத்துல இருக்கப்போ உத்தரவு போட்டா அவன் காதுலயும் விழட்டும்.

ரோந்துக்கு ஒரு கணக்கு. ஒருத்தனுக்கு 8 செகண்ட் சுத்து, இன்னொருத்தனுக்கு 12 வைங்க. ரெண்டும் 24 செகண்டுக்கு ஒரு தடவை ஒண்ணா வரும். விளையாடுறவன் மூலையில குத்தவச்சு அதை எண்ணிப் பிடிப்பான் பாருங்க, ஸ்டெல்த்தோட ருசியே அங்கதான் இருக்கு.

அம்பை_ஓவியர்

துரும்பு யோசனை ரொம்ப அழகா இருக்கு அண்ணாச்சி. தம்பி, நட்டமா நிக்கிறதை மட்டும் நம்புங்க, நிறத்தை மாத்தி எச்சரிக்கை குடுக்காதீங்க. சிவப்பும் பச்சையும் பிரிச்சுப் பாக்க முடியாதவங்க நெறைய பேர் விளையாடுவாங்க.

காலடிக்கு மூணு தரை போதும்: மணல், கல்தளம், காஞ்ச பனையோலை. மணல்ல சத்த வட்டம் சின்னது, கல்லுல நடுத்தரம், ஓலையில ரொம்பப் பெருசு. ஓலைச் சத்தத்தை நெட்ல தேட வேண்டாம். ஊருக்கு வெளிய எந்த விளையிலயும் கீழ விழுந்து கிடக்கும், போன்லயே பதிவு பண்ணலாம். முழு மட்டையை மிதிச்சா சடசடங்கும், கிழிஞ்ச ஓலைன்னா சரசரப்பு மட்டும். ரெண்டையும் தனித்தனியா எடுத்து வச்சுக்கோங்க, நடக்குறதுக்கு ஒண்ணு, ஓடுறதுக்கு ஒண்ணு.

பாளை_கோடர்

அண்ணாச்சி, அக்கா, ரொம்ப நன்றி. துரும்பை இன்னைக்கே வரைஞ்சு பாக்கேன். ரெண்டு சந்தேகம். ரேகாஸ்ட் எப்பவும் காவலாளியோட உடம்புலயே இடிக்குது, என்னைப் பாக்கவே மாட்டேங்கான். அப்புறம், தீப்பந்தத்துக்கு பாயின்ட்லைட்2டி (கோடோவோட விளக்கு) வச்சிருக்கேன், அந்த இடத்துல எவ்வளவு வெளிச்சம்னு அதுகிட்ட எப்படிக் கேக்க?

சேரன்மாதேவி_அண்ணாச்சி

கண்ணுக்குன்னு ஒரு மார்க்கர்2டி (இடத்தைக் குறிக்கிற வெறும் புள்ளி) வச்சு அதுக்குக் கீழ ரேகாஸ்ட் போட்டிருப்பிய. பேரன்ட்டை, அதாவது எதுக்குக் கீழ போட்டிருக்கோமோ அதை, தவிர்க்கிற வசதி தானாவே ஆன்ல இருக்கும், ஆனா அது நேர் பேரன்ட்டுக்கு மட்டுந்தான். இப்ப பேரன்ட் அந்த மார்க்கர், உடம்பு இல்ல. ரெடி ஃபங்ஷன்ல (ஆரம்பத்துல ஓடுற கோட்) ஆட் எக்ஸெப்ஷன் (இதை இடிக்காதேங்கிற உத்தரவு) குடுத்து காவலாளியோட உடம்பைச் சேத்துருங்க. இல்லன்னா காவலாளிகளைத் தனி லேயர்ல போட்டு, ரேயோட மாஸ்க்ல (எந்த லேயரை இடிக்கணும்ங்கிற பட்டியல்) சுவரையும் ஊமைத்துரையையும் மட்டும் டிக் பண்ணுங்க.

லைட்கிட்ட கேக்க முடியாது, அது படம் காட்டத்தான். ஒவ்வொரு தீப்பந்தத்துக்கும் அதே அளவுல ஒரு ஏரியா2டி வட்டம் வைங்க. அதுக்குள்ள நின்னா சந்தேகம் முழு வேகத்துல ஏறட்டும், வெளிய நின்னா பாதி. பந்தம் அணைஞ்சா லைட்டையும் வட்டத்தையும் சேத்து ஆஃப் பண்ணுங்க. முற்றம் ஓடினதும் ஃபைலை இங்கயே போடுங்க, விளையாடிப் பாத்துச் சொல்லுதேன்.