பென் கிரிம் யூதர்: 2002க்கு முன் அச்சில் ஏதாவது தடயம்?

மார்வெல் காமிக்ஸின் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' சூப்பர் ஹீரோ குழுவில் வரும் பென் கிரிம் ('தி திங்') பற்றிய காலவரிசையில் ஓர் இடத்தில் முட்டி நிற்கிறேன். அறிமுகம் 1961. யூதர் என்று கதையே வெளிப்படையாகச் சொல்வது 2002இல், 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' மூன்றாம் வரிசை (volume 3) 56ஆம் இதழில். அதில் ஷெமா என்ற யூதப் பிரார்த்தனையே சொல்கிறார். நடுவில் நாற்பது வருடம் காலி.

பென்னை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் கிர்பி, பென்னை யூதராக வரைந்த ஹனுக்கா (யூதப் பண்டிகை) வாழ்த்துப் படம் தெரியும். ஆனால் அது தனிப்பட்ட ஓவியம், கதைக்குள் சேராது. கதையில் பென் வளர்ந்த யான்சி தெரு, யூதர்கள் நிறைய வாழ்ந்த நியூயார்க்கின் டிலான்சி தெருவின் சாயல் என்பதும் குறிப்பால் உணர்த்துவதுதான், சான்று ஆகாது. (எக்ஸ்-மென் கதைகளில் வரும் கிட்டி பிரைடுக்கு இந்தத் தலைவலியே இல்லை, கழுத்தில் யூத அடையாளமான தாவீதின் நட்சத்திரம்.)

பார்த்தவை: ஸ்டான் லீ எழுதி கிர்பி வரைந்த கால இதழ்கள், பென்னின் சிறுவயதைச் சொல்லும் 1983 'தி திங்' முதல் இதழ். எல்லாம் மறுபதிப்புத் தொகுப்புகளில்தான். அவற்றில் வாசகர் கடிதப் பக்கங்கள் இல்லை. டிஜிட்டலில் தேடினால் வசனம் மட்டும் சிக்குகிறது, பின்னணியில் வரைந்த கடைப் பலகை எழுத்து சிக்காது.

பழைய மூல இதழ்கள் வைத்திருப்பவர்களிடம் கேட்பது இதுதான்: 2002க்கு முன் வசனத்திலோ, பின்னணிப் பலகையிலோ, கடிதப் பக்கத்திலோ பென் யூதர் என்று காட்டும் இதழ் எண்ணும் பக்கமும் எது?