நைஸ் என்ற சொல்லோடு பட்ட பாடு: உங்கள் அனுபவம் என்ன?

ஆங்கிலம் படிக்காதவர்கூடச் சரளமாகப் புழங்கும் ஆங்கிலப் பெயரடை எது என்று கேட்டால் நைஸைத்தான் சொல்வேன். நல்ல, இனிமையான என்று ஒரே வரியில் பொருள் சொல்லிவிடலாம். ஆனால் மொழிபெயர்ப்புகளைச் சரிபார்க்கும் எனக்கு இந்தச் சின்னச் சொல் கொடுக்கும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரு சட்டக் கட்டுரை சரிபார்க்க வந்தது. தம் முன் இருந்த சிக்கலை ‘எ நைஸ் கொஸ்டின் ஆஃப் லா’ என்று நீதிபதி குறிப்பிட்டிருந்தார். தமிழில் ‘இது ஒரு நல்ல சட்டக் கேள்வி’ என்று வந்திருந்தது. படித்தால், வழக்கறிஞரின் முதுகில் நீதிபதி தட்டிக்கொடுப்பதுபோல் இருந்தது! அவர் சொன்னதோ வேறு. இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது, மயிரிழையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்கிறார். ‘எ நைஸ் டிஸ்டிங்ஷன்’ என்பதும் அப்படித்தான்: நுண்ணிய வேறுபாடு. அன்றாடப் பேச்சில் இந்தப் பொருள் அநேகமாக மறைந்துவிட்டது. சட்டம், தத்துவம் மாதிரி இடங்களில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

மொழிபெயர்த்தவரிடம் சொன்னேன். “நைஸுக்கு அப்படி ஓர் அர்த்தமா சார்? நிஜமாவா?” என்றார். பெரிய அகராதியைத் திறந்து காட்டிய பிறகுதான் சமாதானமானார். கடைசியில் ‘நுட்பமான சட்டச் சிக்கல்’ என்று போட்டோம். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருக்குமே, எழுதுங்கள்.

*

நான் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடும் சர்வர் கணினிகளோடு மல்லுக்கட்டுகிறவன். எங்களுக்கு நைஸ் என்பது ஒரு கட்டளை. ஒரு நிரல் மற்ற நிரல்களுக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதை ஓர் எண்ணால் சொல்வோம். −20 முதல் 19 வரை கொடுக்கலாம். 19 கொடுத்தால் படு சாது, எல்லோரும் போகட்டும் என்று ஒதுங்கி நிற்கும். −20 கொடுத்தால் முண்டியடித்துக்கொண்டு முன்னால் வரும். இதில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: எண்ணைக் கூட்டிச் சாதுவாவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். குறைத்து முரடாவதற்குத்தான் நிர்வாகி உரிமை வேண்டும்.

வேலைக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், அவசர வேலை ஒன்றுக்கு 19 போட்டுவிட்டு, ஏன் நகரவே மாட்டேன் என்கிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். எண் பெரிதானால் முன்னுரிமையும் பெரிது என்று நினைத்துவிட்டார். “நைஸா இருன்னு நீங்களே சொல்லிட்டு, முந்திப் போகலையேன்னா அது என்ன தம்பி பண்ணும்?” என்றேன்.

*

ஆங்கில ஆசிரியையாக என் புலம்பலையும் கேளுங்கள். கட்டுரை எழுதச் சொன்னால் நாள் நைஸ், நண்பன் நைஸ், பயணம் நைஸ். ஒரு வகுப்பில் அந்தச் சொல்லையே தடை செய்து பார்த்தேன். எல்லோரும் குட் என்பதற்குத் தாவிவிட்டார்கள், அவ்வளவுதான் பலன்.

இந்தச் சலிப்பு புதிதல்ல. 1817 கடைசியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலில், எதற்கெடுத்தாலும் ஒட்டவைக்கிற சொல் என்று ஒரு பாத்திரம் இதைக் கிண்டல் செய்யும். பூர்வீகத்தைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை. லத்தீனில் ‘அறியாதவன்’ என்று பொருள்படும் நெஸ்கியுஸ், பழைய பிரெஞ்சு வழியாக வந்து, 1300 வாக்கில் ஆங்கிலத்தில் ‘முட்டாள்தனமான’ என்ற பொருளில் நுழைந்தது. அப்புறம் எதிலும் நொட்டை சொல்கிற, நுட்பமான என்றெல்லாம் மாறி, 18ஆம் நூற்றாண்டில்தான் ‘இனிமையான’ என்ற பொருளில் பரவலாகியது. மாணவர்களிடம் இதைச் சொன்ன மறுநாளே, “நீ ரொம்ப நைஸ்டா” என்று ஒருவரையொருவர் 1300 கணக்கில் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள்.

*

முதலில் எழுதியவருக்கு: நுண்மை என்ற பொருள் நம் பேச்சில் நன்றாகவே இருக்கிறது சார். பொடி நைஸாக இருக்கிறது, துணி நைஸாக இருக்கிறது என்கிறோமே. ஆனால் ‘நைஸா நழுவிட்டான்’ என்பதில் வருகிற நைஸ் நமக்கே சொந்தம், ஆங்கிலத்தில் போய் அதைச் சொல்லிவிடக் கூடாது.

எங்கள் அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். கூட்டத்தின் நடுவில் வேலையைத் தலையில் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இன்னொருவர் சத்தமில்லாமல் கம்பி நீட்டிவிட்டார். இவர் கடுப்பில் வெளிநாட்டு மேலாளரிடம், ‘ஹி லெஃப்ட் நைஸ்லி’ என்று போட்டுக்கொடுத்தார். அவர் புரிந்துகொண்டது, ஆள் எல்லோரிடமும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டு போனார் என்று. போட்டுக்கொடுத்தது பாராட்டாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வேலை மட்டும் இவர் தலையில்.